ஒத்தைப்பல்லன்

ஆத்திமடுவில் மாதையனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரே நாற்பது வீடுதான், அதனால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சவ்வாது மலையில் சுற்றுப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஊர்களிலும், கீழே படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள் மத்தியிலும்கூட அவன் பெயர் தெரிந்திருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிறவன் என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது, வந்த பெயர் அவனை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆள் பார்ப்பதற்கு வைத்தியனைப் போல இருக்கமாட்டான். தாடி கிடையாது, விபூதிப் பட்டை கிடையாது, கண்ணை உருட்டிப் பேசத் தெரியாது. சாமை விளையும் மேட்டு நிலம் கொஞ்சம், குட்டைக்குக் கீழே ஒரு துண்டு நெல் கழனி, நாலு புளியமரம், ஒரு ஜோடி மாடு, பாஞ்சாலை என்று வாய்த்துடுக்கான ஒரு பெண்டாட்டி, இவ்வளவுதான் அவனுக்கு. எழுபத்தொன்றாம் வருஷம் நடவு சமயத்தில் செல்லி அலறாமல் இருந்திருந்தால் கடைசிவரை அப்படியே சாமை விதைத்துக்கொண்டு இருந்திருப்பான்.

செல்லி அவனுக்குச் சித்தப்பன் மகள். பக்கத்துக் கழனியில் நாற்று நட்டுவிட்டுக் கால் கழுவக் குட்டையில் இறங்கியவள், தீயை மிதித்தவள் மாதிரி கத்திக்கொண்டு கரையில் வந்து விழுந்தாள். நாலு வயது மகள் பூங்கோதை வரப்பில் உட்கார்ந்திருந்தவள் தாயைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்தாள். கட்டைவிரல் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வரை வீங்கியது. கால் மரத்துப்போகிறதே என்று அரற்றினாள். கடித்தது என்னவென்று யாரும் பார்க்கவில்லை.

பாம்புக்கு இரண்டு பல், பட்டால் இரண்டு பொட்டு. இங்கே ஒன்றுதான் இருக்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும், ஆகவே இது பாம்பு இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆத்திமடுவுக்காரர்கள், ஆகவே இது ஒரு பல் உள்ள பாம்பு என்று முடிவு கட்டினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. முன்னொரு காலத்தில் வேடியப்பன் சாமி வேட்டைக்கு வந்தபோது குட்டையில் கிடந்த நாகம் ஒன்று வழிமறித்ததாம். சாமி அதன் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு, பிழைத்துப் போ என்று விட்டதாம். அந்த ஒத்தைப்பல்லன் இன்னும் குட்டையில்தான் இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சாகவே இருந்ததற்குச் செல்லியின் கால் அத்தாட்சி கொடுத்துவிட்டது.

மாதையனின் அப்பன் செத்துப்போவதற்கு முன்னால் சொல்லிவைத்த சங்கதிகள் சில அவனுக்கு ஞாபகம் இருந்தன. சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுக்க வேண்டும். கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது. அதையே அரைத்துக் கடிவாயில் அப்ப வேண்டும். தூங்க விடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடிபட்டவரைத் தண்ணீர் தாண்டித் தூக்கிப் போகக் கூடாது. ஓடையைத் தாண்டினால் விஷம் தலைக்கு ஏறிவிடும்.

அவ்வளவையும் செய்தான். செல்லி இலையை மென்று முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுநாள் மாலை நொண்டிக்கொண்டு எழுந்தாள், மூன்றாம் நாள் களை பிடுங்கப் போனாள். ஊர் வாயை யாரால் மூட முடியும்? மாதையனுக்குக் கை ராசி என்றார்கள். அடுத்த வருஷம் இன்னொருத்தி, அதற்கடுத்த வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் என்று ஏழு வருஷத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் குட்டையிலோ கழனித் தண்ணீரிலோ கடிபட்டவர்கள். ஒன்பது பேருக்கும் ஒரே பொட்டு. ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

பொய் சொல்வானேன், மாதையனுக்கு அது பிடித்திருந்தது. காசு வாங்கமாட்டான், கேட்கவும் மாட்டான். ஆனால் திருவிழாவில் வேடியப்பன் கோயிலில் உடைக்கும் முதல் தேங்காயில் ஒரு மூடி அவன் கைக்கு வந்தது. வயசில் மூத்தவர்கள்கூட, "இன்னா மாதையா, சவுக்கியமா?" என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். இதெல்லாம் ஒரு மனுஷனுக்கு வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு சங்கதிதான் உள்ளே உறுத்தியது. ஒன்பது பேருக்குமே இலை கசந்தது. கசந்தால் விஷம் ஏறவில்லை என்று அப்பன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் ஒருவருக்குமே விஷம் ஏறவில்லையா? ஏறுவதற்குள் நாம் கொடுத்துவிடுகிறோம் என்று அவனே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டான்.

எழுபத்தெட்டில் ரங்கன் வந்தான்.

ரங்கன் ஆடு மேய்க்கிறவன். மூன்று வீடு தள்ளித்தான் வீடு. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிந்ததும் மலையேறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். அன்று காலை பத்து மணிக்கே இறங்கி வந்தான். பாறை இடுக்கில் குட்டியைப் பிடிக்கக் கையை விட்டவனுக்கு மணிக்கட்டில் கடி. அங்கே தண்ணீரே கிடையாது. பொட்டு இரண்டு இருந்தது. மாதையன் அந்த இரண்டு பொட்டையும் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு, "ஒத்தைப்பல்லன் ரெண்டு தடவ கடிச்சிருக்கு" என்றான்.

ரங்கன் இலையை மென்றான். "இன்னாடா இது, வெறும் புல்லாட்டம் கீது" என்றான்.

ரங்கனின் பெண்டாட்டி ராணியம்மாள் அப்போதே கேட்டாள். "ஏன் தம்பி, திருப்பத்தூருக்குத் தூக்கினு போய்ட்டா இன்னா? ரெண்டு மணி பஸ்ஸு கீதே."

"ரெண்டு ஓடை தாண்டணும்க்கா. வாணாம். தாண்டுனா போச்சு" என்றான் மாதையன். அவ்வளவு உறுதியாகச் சொன்னான். ராணியம்மாள் அதை நம்பிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் போகிற நேரத்துக்கு ரங்கனுக்கு இமை தூக்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இரண்டு தடவை கடித்தால் யார்தான் பிழைப்பார்கள் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதை மாதையனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகும் குட்டையில் கடிபட்டு இரண்டு பேர் வந்தார்கள், பிழைத்தார்கள். பெயர் கெடவில்லை.

எண்பத்திரண்டு சித்திரையில் ஆத்திமடுவுக்குக் கரண்டு வந்தது. வீடுகளுக்கு இல்லை, கோயில் முன்னால் ஒரு கம்பம், அதில் ஒரு டியூப் லைட்டு. ஆடியில் முதல் மழை இறங்கியதும் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது. ஈசலும் விட்டிலும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றுக்கு நடுவே தொப்பென்று கல் விழுவது போல விழுந்த ஒன்றுதான் யாருக்கும் புரியவில்லை. நடுவிரல் நீளம். காய்ந்த சருகின் நிறம். தட்டை உடம்பு, முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்த இறக்கை, முட்டைக் கண், முன்னங்கால் இரண்டும் கதிர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. கரப்பான் என்றால் இவ்வளவு பெரிதா? வண்டு என்றால் இவ்வளவு தட்டையா?

பிள்ளைகள் அதற்குக் கரண்டுப் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்களும் யோசித்துப் பார்த்து அதுதான் சரி என்றார்கள். கரண்டு கலசப்பாக்கத்திலிருந்து கம்பி வழியாக வருகிறது. கரண்டு வருவதற்கு முன்னால் இது இல்லை. எனவே இதுவும் கம்பி வழியாகத்தான் வருகிறது. செல்லியின் புருஷன் வடிவேலு, கழனி வரப்புக்காக மாதையனோடு அவ்வப்போது முட்டிக்கொள்கிறவன், லைன்மேனைப் பிடித்து, "சார், வெளக்கு வேணும், பூச்சி மட்டும் வராத மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்று கேட்டான். லைன்மேன் கம்பத்திலிருந்து விழாமல் இறங்கியதே பெரிய காரியம்.

ஒரு நாள் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் மாதையன் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கால் கழுவுகிற கல்தொட்டி. அதில் ஒரு கரண்டுப் பூச்சி விழுந்தது. ஐயோ பாவம், இறக்கை நனைந்து செத்துப்போகுமே என்று கையை நீட்டினான். பூச்சி தத்தளிக்கவில்லை. பின்னங்காலை இரண்டு தடவை உதைத்தது, நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியூர் போய்விட்டு வீடு திரும்பியவன் மாதிரி அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வால்முனையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கியது.

தண்ணீரில் வாழ்கிற பூச்சியா இது என்று மாதையன் குனிந்து பார்த்தான். கொட்டாங்குச்சியில் அதை மொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனான்.

மறுநாள் காலையில் பழைய மண்பானையில் தண்ணீர் ஊற்றிப் பூச்சியை விட்டு, குட்டையிலிருந்து ஒரு சின்னத் தவளையையும் பிடித்துப் போட்டான். பூச்சி அசையாமல் சருகு மாதிரி கிடந்தது. தவளை பக்கத்தில் வந்ததுதான் தாமதம், அரிவாள் காலால் அணைத்துப் பிடித்து, மூக்கு மாதிரி இருந்த ஒரு முள்ளைத் தவளையின் தொடையில் இறக்கியது. இரண்டு உதறலோடு தவளை ஓய்ந்துவிட்டது. மாதையன் தவளையைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தான். தொடையில் ஒரே ஒரு பொட்டு.

அவன் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனான். கரையோரக் கோரைக்கு அடியில் கூடையை விட்டு வாரினான். நாலாவது வாரலில் சேறும் பாசியுமாக இரண்டு வந்தன. கம்பி வழியாக எதுவும் வரவில்லை. காலங்காலமாகக் குட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கோரைக்கு அடியில் பதுங்கிக் கிடந்ததை யாரும் பார்த்ததில்லை, இரவில் பறந்து வெளியே வருவதைப் பார்க்க ஊரில் விளக்கு இருந்ததில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இடது கால் கட்டைவிரலைப் பானைக்குள் விட்டான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விரலை ஆட்டினான். அடுத்த நொடி செல்லி அன்று கத்தியது ஏன் என்று தெரிந்துகொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு காலை வெளியே எடுத்தான். ஒரு பொட்டு ரத்தம், கணுக்கால் வரை வீக்கம், முழங்கால் வரை மரமரப்பு. இலை மெல்லவில்லை, எதையும் அரைத்துப் பூசவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மாலை வீக்கம் வடிந்துவிட்டது. மருந்து இல்லாமலேயே அவனும் செல்லி மாதிரி எழுந்து நடந்தான்.

"இன்னாயா இது, பேயறைஞ்சவனாட்டம் ஒக்காந்துனு கீற?" என்று பாஞ்சாலை கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். பதினோரு பேரையும் கடித்தது இந்தப் பூச்சி. தானாகவே சரியாகப் போகிற கடி. ஒத்தைப்பல்லன் என்று ஒரு பாம்பே கிடையாது. அவன் மருந்தால் ஒருவரும் பிழைக்கவில்லை.

பாஞ்சாலை அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப ரங்கண்ணன்?" என்றாள்.

"அது நெசப் பாம்பு."

"நீ தண்ணி தாண்ட வாணாம்ன."

"ஆமா."

"ஊர்ல சொல்லிடுயா. நாளைக்கே சொல்லிடு."

சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகிற வழியில் ராணியம்மாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அவளே அந்தக் கம்பளியைப் போட்டுக்கொண்டு மேய்க்கப் போகிறாள். மாதையனைப் பார்த்து, "மழை வரும் போல கீது தம்பி" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். தேங்காய் மூடி போய்விடும் என்ற பயம் அவனுக்கு இல்லை என்று சொல்லமாட்டேன், அதுவும் இருந்தது. ஆனால் அவனால் தாங்க முடியாமல் இருந்தது அந்த ஒரு முகம்தான். வாயைத் திறந்தால், உன் புருஷனை நான்தான் கொன்றேன் என்று அவளிடம் சொன்ன மாதிரி ஆகும்.

பாம்பு கடித்து யாராவது வந்தால் அப்போது சொல்லி அனுப்பிவிடலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டான். புரட்டாசி போயிற்று, கார்த்திகை போயிற்று, தை போயிற்று. பானையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் மூடி வைத்திருந்தான். பூச்சி செத்தால் இன்னொன்றைப் பிடித்து விட்டான். "அத இன்னாத்துக்கு வளக்குற, கொழந்தையா?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

மாசியில் புளி உலுக்கும் நேரம். காலை ஒன்பது மணி இருக்கும். செல்லியும் வடிவேலுவும் பூங்கோதையைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள், பின்னால் பாதி ஊர். பதினாறு வயதுப் பெண். புளியமரத்தடியில் சருகோடு அள்ளும்போது கையில் கடிபட்டிருக்கிறாள். நல்ல பாம்பு ஒன்று சருகுக்குள்ளிருந்து போனதை வடிவேலுவே பார்த்திருக்கிறான்.

"அண்ணே, என்னக் காப்பாத்துன கை, எம் பொண்ணயும் காப்பாத்து" என்று செல்லி அவன் காலைப் பிடித்தாள்.

மாதையன் கையைப் பார்த்தான். இரண்டு பொட்டு. அதற்குள் யாரோ அவன் வேலியிலிருந்தே சிறியாநங்கையைப் பறித்துப் பெண்ணின் வாயில் வைத்துவிட்டார்கள். அவள் மென்றாள். அவள் முகம் சுளிக்குமா என்று மாதையன் பார்த்துக்கொண்டிருந்தான். சுளிக்கவே இல்லை. "கசக்கவே இல்ல மாமா" என்றாள், ரொம்ப நல்ல செய்தி சொல்வதைப் போல.

"தூக்குங்க. திருப்பத்தூருக்குத் தூக்குங்க. பஸ்ஸு வரைக்கும் காத்துனு இருக்க வாணாம், ரோட்ல லாரி எதுனா கெடைக்கும்" என்றான்.

யாரும் நகரவில்லை. வடிவேலுவின் முகம் கறுத்தது. "வரப்புத் தகராற மனசுல வெச்சினு பேசறியா மச்சான்? அதுக்கு இவ இன்னா பண்ணுவா?"

"ஐயோ, அது இல்லடா. எங்கிட்ட மருந்து இல்ல. எப்பவுமே இருந்தது இல்ல."

"செல்லி காலு?"

மாதையன் வீட்டுக்குப் பின்னால் ஓடினான். பானையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் நடுவிலும் வைத்தான். மூடியை எடுத்தான். "பாருங்க. கரண்டுப் பூச்சி. குட்டைல கீற பூச்சி" என்று சொல்லிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டான். ஆட்டினான். அவன் முகம் கோணியது. கையை மேலே தூக்கியபோது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பூச்சி தொங்கியது. அதைப் பிய்த்துத் தரையில் போட்டுக் கையை நீட்டிக் காட்டினான். ஒரே பொட்டு. பார்க்கப் பார்க்கக் கை வீங்கியது.

"இதான் ஒத்தைப்பல்லன். செல்லியக் கடிச்சது இதான். பதினோரு பேரையும் கடிச்சது இதான். நாளைக்கி இது தானா வத்திடும், இலையும் வாணாம், நானும் வாணாம். இவளக் கடிச்சது இது இல்ல. தூக்குங்கடா!"

கூட்டம் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றது. செல்லி கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வடிவேலு திணறினான். "தண்ணி தாண்டக் கூடாதுன்னு நீதான மச்சான் சொல்லுவ?"

"அது பொய்யிடா. பொய்யின்னு எனக்கே தெரியாம சொன்ன பொய்யி."

அதைச் சொல்லும்போது அவன் கண் வேறெங்கும் போகாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ராணியம்மாள் மேல் போய் நின்றது. அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றொன்றாக எல்லாம் விளங்குவதை அவன் பார்த்தான். தோளில் கிடந்த ரங்கனின் கம்பளியை எடுத்து வடிவேலுவின் முன்னால் போட்டாள்.

"எம் புருஷனத் தண்ணி தாண்ட வுடல. இவளயாச்சும் தாண்ட வுடுங்க. கம்ப எடுங்கடா."

கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டினார்கள். முன்பக்கம் மாதையன், பின்பக்கம் வடிவேலு, மாற்றித் தூக்க இன்னும் நாலு பேர். முதல் ஓடையில் வடிவேலுவின் கால் ஒரு கணம் தயங்கியது. மாதையன் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினான், கம்பு இழுக்க வடிவேலுவும் இறங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது ஓடையில் பூங்கோதைக்குக் கண் செருகியது. செல்லி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கூட ஓடினாள். ரோட்டில் புளி ஏற்றிப்போன லாரி ஒன்று கிடைத்தது. மூட்டைக்கு மேலே பெண்ணைப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று மாதையன் அவள் மூக்கில் விரலை வைத்தபடியே வந்தான். வீங்கிய விரலில் எதுவும் தெரியவில்லை. கையை மாற்றி வைத்துப் பார்த்தான்.

திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் காலையில் பூங்கோதை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். மாதையன் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். டாக்டரம்மா அவன் கையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். பூச்சியைப் பற்றிச் சொன்னான். அந்தப் பூச்சிக்கு என்ன பெயர் என்று அவனே கேட்டும் பார்த்தான். அவருக்கும் தெரியவில்லை. இலை கசக்காத சமாச்சாரத்தைச் சொன்னபோது, "அதையெல்லாம் நம்பி உக்காந்துட்டு இருக்காதீங்க, நாக்கு மரத்துப் போயிருக்கும். உடனே தூக்கிட்டு வாங்க, அதுதான் வேணும்" என்றார்.

ஊர் திரும்பியபோது அவனுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. மாதையன் அந்தப் பெண்ணின் விஷத்தைப் பூச்சி வழியாகத் தன் கைக்கு இழுத்துக்கொண்டான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. வீங்கிய கையே அதற்குச் சாட்சி. இல்லை, இல்லை என்று தொண்டை வறளச் சொன்னான். அடக்கத்தைப் பார் என்றார்கள். உண்மையைச் சொல்லிப் பெயரைக் கெடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது இன்னும் பெரிதாகிவிட்டது. பாஞ்சாலையைத் தவிர, அவன் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செல்லி.

"அன்னிக்கி நீ என்னக் காப்பாத்தலன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. பரவால்ல, பன்னண்டு வருசமா சும்மா கும்புட்டுட்டேன். இன்னிக்கிக் கும்புடறேன் பாரு, இது நெசம்" என்றாள்.

இன்னொருத்தி ராணியம்மாள். கம்பளியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் உட்கார்ந்து புளியை உடைத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு எல குடுத்தப்ப ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா. வேடியப்பன் மேல சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஆடியில."

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். விரல் கணுவைத் தொட்டு, ஆவணி, பெரட்டாசி என்று தொடங்கி மாசி வரைக்கும் எண்ணினாள். "ஏழு மாசம்" என்றாள். "நடுவுல எவனுக்காச்சும் கடிச்சிருந்தா?"

அவன் கம்பளியின் மடிப்பை இன்னொரு தடவை சரிசெய்தான்.

"அன்னிக்கி நீ பண்ணது அறியாத்தனம். அத நான் வுட்டுட்டேன். இந்த ஏழு மாசத்த என்னால வுட முடியாது தம்பி. அது ஒன்னுது, நீயே எடுத்துனு போ."

கம்பளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஊர் மொத்தமும் தூக்கிக் கொண்டாடிய அந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னது சரிதான் என்று அவனுக்குத் தெரியும்.

அதற்கப்புறமும் பாம்புக்கடி என்றால் மாதையன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். என்ன சொன்னாலும் வந்தார்கள். யோசித்து யோசித்து அவன் ஒரு புது விதி போட்டான். ஒரு பொட்டாக இருந்தால், "வூட்டுக்குப் போய்ப் படு" என்று விரட்டிவிடுவான். இரண்டு பொட்டோ, சந்தேகமோ இருந்தால், "என் மருந்து முன்ன மாதிரி இல்ல. ரெண்டு ஓடை தாண்டணும், பெரியாஸ்பத்திரில ஊசி போடணும், அப்பதான் வேலை செய்யும்" என்பான். உடனே தூக்கினார்கள். வைத்தியர் சொன்னால் கேட்க வேண்டாமா?

"மறுபடியும் பொய்யா?" என்றாள் பாஞ்சாலை.

"அது தெரியாம சொன்ன பொய்யி. இது தெரிஞ்சு சொல்றது" என்றான்.

எண்பதுகள் முடிவதற்குள் ஆறு பேரை அப்படித் தூக்கினார்கள். ஐந்து பேர் நடந்து திரும்பி வந்தார்கள். ராணியம்மாள் அவனோடு பிறகு பேசவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், மாதையன் வீட்டு முன்னால் கூட்டம் கூடும் சத்தம் கேட்டதும், அவன் கேட்காமலேயே ரங்கனின் கம்பளி வந்து அவன் காலடியில் விழும். காரியம் முடிந்ததும் அதை ஓடையில் துவைத்து, பாறையில் உலர்த்தி, மடித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வருவான். அவள் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள்.